கல்யாணத்தை நிறுத்தவும் தெரிந்தவர்

மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்த்த மாத்திரத்தில் மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் பயந்துபோய்த் தன் முள்ளைத் தானே திருத்திக்கொள்கிறது; பூக்காரர் ஓட்டமெடுக்கிறார்; மைக் வைக்க வந்தவர் வந்த இருமலைப் பாதியிலேயே விழுங்கிவிடுகிறார்; வெளியே மழை தொடங்கியிருந்தால் அதுவும் அப்புறம் வருகிறேன் என்று திரும்பிப் போய்விடுகிறது. சரி, சரி, கடிகாரமும் மழையும் என் கைச்சரக்கு. இருமலை விழுங்கியதை மட்டும் இந்தக் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்தக் கடிகாரத்தின் முகம் உள்பக்கமாக, நாடி துடிக்கும் இடத்தில் இருக்கும். வெளிப்பக்கம் இருந்தால் விருந்தாளிகளும் நேரம் பார்த்துவிடுவார்களாம். "அவங்க நேரம் பாத்தா கொட்டாவி விடுவாங்க. ஒருத்தர் விட்டா போதும், மண்டபம் முழுக்கத் தொத்திக்கும்." வார் நைந்து, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கும் பழைய கடிகாரம். கழற்றி யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதும் அது கையில்தான் இருக்கும் என்று அவரிடம் வேலை செய்யும் பெண்கள் அடித்துச் சொல்கிறார்கள். கூடப் போய்ப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

கல்யாண ஏற்பாட்டாளர் என்கிறது பெயர்ப்பலகை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் 'மேடம்'. எனக்கு மட்டும், அவர் காதில் விழாத தூரத்தில், 'கடிகாரம்'. ஐம்பதைத் தொட்டிருப்பார். சாம்பல் நிறத்தைத் தவிர வேறு நிறம் உடுத்துவதில்லை. "கல்யாணத்துல நான் செவுரு மாதிரி இருக்கணும்ங்க. செவுத்த யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க." கால் சத்தமே கேட்காத துணிக் காலணி. தோளில் ஒரு பை. அதிலிருந்து ஊசி, நூல், தலைவலி மாத்திரை, பசை, கையகல இஸ்திரிப்பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும்; கடைசியில் ஒரு சமையற்காரரே வெளியே வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

என் பேத்தியின் கல்யாணத்துக்கு ஆள் தேடித்தான் இவரிடம் போய்ச் சேர்ந்தோம். அதற்கு முன்பு இருவரைப் பார்த்தாயிற்று. முதலாமவர், மாப்பிள்ளையைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்குவதாகக் கணினியில் படம் காட்டினார். புகை கிளம்பும், பூ கொட்டும், நடுவில் மாப்பிள்ளை தொங்குவார். என் மகன் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கயிறு பாதியில மாட்டிக்கிட்டா?" என்றான். "அப்பவும் பாக்க அழகாத்தான் சார் இருக்கும்" என்றார் அவர். இரண்டாமவர் எதற்கும் "பண்ணிடலாம்" என்றார். என் மருமகள் வெள்ளைப் பூ என்றாள், பண்ணிடலாம். மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, சிவப்பு என்றார், பண்ணிடலாம். மேடையே வேண்டாம் என்றேன் நான், சும்மா சீண்டிப் பார்க்க. அதையும் பண்ணிடலாமாம். "இவர விட்டா நம்ம எல்லாருக்கும் ஆளுக்கொரு கல்யாணம் பண்ணி வச்சிடுவார்" என்று பேத்தி என் காதில் சொன்னாள். எழுந்து வந்துவிட்டோம்.

கடிகாரத்தின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே கல்யாணப் பேச்சு. சுவரில் ஒரு கல்யாணப் படம்கூட இல்லை. இது என்ன கடை என்று மருமகள் முகத்தைச் சுளித்தாள். "படத்துல எல்லாரும் சிரிக்கத்தாங்க செய்வாங்க. அதுல என் வேலை தெரியாது" என்றார் அவர். பிறகு ஒரு கேள்வி கேட்டார். தேதி இல்லை, எத்தனை பேர் வருவார்கள் என்பதும் இல்லை.

"உங்க ரெண்டு குடும்பத்துலயும் கோவிச்சுக்கப் போறது யாரு?"

"கோவமா? எங்க குடும்பத்துலயா?" என்று சம்பந்தியம்மா கோபமாகக் கேட்டார். என் மகனும் மருமகளும் சொல்லிவைத்தாற்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? "என் சின்ன மருமகன்" என்று போட்டு உடைத்துவிட்டேன். எந்த விசேஷத்திலும் தன்னை யாரும் மதிக்கவில்லை என்று வாசலில் போய் நின்றுகொள்கிற மனிதர் அவர்.

"நல்லதுங்க பெரியம்மா. அவருக்கு ஒரு வாக்கி டாக்கி குடுத்திடலாம். வரவேற்புப் பொறுப்பு."

"அதுல அவர் பேசிக்கிட்டே இருப்பாரே!"

"பேசட்டும். மறுமுனைல யாரும் இருக்க மாட்டாங்க."

என் மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. என் மகனுக்குப் பயம் மட்டும். அவன் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிற அதிகாரி. எதிரே உட்கார்ந்தவர்களை வியர்க்க வைத்தே பழகியவனுக்குத் தானே வியர்ப்பது பிடிக்கவில்லை. குரலைக் கனமாக்கிக்கொண்டு, "இதுவரைக்கும் எத்தன கல்யாணம் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டான்.

"நடத்துனதா சார், நிறுத்துனதா?"

சம்பந்தியம்மாவின் கையிலிருந்த தண்ணீர்க் குவளை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது. எனக்கும் தூக்கிவாரிப் போட்டது; ஆனால் இந்த வயதில் தூக்கிவாரிப் போடுகிற மாதிரி நல்லதாக ஒன்றைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"நிறுத்துனதுன்னா?" என்றான் மகன்.

"ரெண்டும் ஏற்பாடுதான் சார். நடத்துறதுக்கு நிறைய ஆள் இருக்காங்க."

அதற்குமேல் விளக்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். என் பேத்தியின் முகம் மலர்ந்தது. இருவரும் அலைந்து திரிந்து தேடிப் பிடித்த வாடகை வீடு, இரண்டாம் மாடி, கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல், அதன் வழியாக ரயில் போவது தெரியும். "சாவிகூட வாங்கிட்டோம் மேடம்." மாப்பிள்ளைப் பையன் "ஆமா" என்றான். ஆனால் அந்த 'ஆமா'வுக்கு முன்னால் அவன் கண் ஒரு தரம் அவன் அம்மாவிடம் போய்விட்டு வந்தது. கடிகாரம் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பூ மாதிரிகள் அடுத்த அறையில் இருக்கின்றன என்று பெரியவர்களைக் கிளப்பினார். நான் கிளம்பவில்லை. சோபாவில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்து, ஒரு குறட்டையும் விட்டேன். தூங்குகிற கிழவியை யாரும் எழுப்ப மாட்டார்கள். என் வயதுக்குக் கிடைத்த பெரிய சலுகை அது. அவர் பையிலிருந்து இரண்டு நீலக் கைக்குட்டைகளை எடுத்து, ஆளுக்கொன்று கொடுத்தார்.

"அன்னிக்கு எந்த நேரத்துலயும் சரி, இது என் கைக்கு வந்தா கல்யாணத்த நிறுத்திடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன். நீங்களே வந்து குடுக்க முடியலன்னா யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க. யாருன்னும் கேக்க மாட்டேன். மொதல்ல நிறுத்துவேன், அப்புறம்தான் பேச்சு."

என் குறட்டை நின்றே போயிற்று. நல்லவேளையாகக் கீழே டயருக்குக் காற்றடித்தார்கள்.

மாப்பிள்ளைப் பையன் சிரித்தபடி அதைச் சட்டைப் பைக்குள் செருகினான். பேத்தி, "எங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது மேடம். ஏன் கேக்கக் கூடாது? கேட்டா என்ன?" என்றாள்.

"கேட்டா பொண்ணுங்க 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிடும்மா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது அதத்தான் சொல்ல வரும். தேவைப்படலன்னா ரொம்ப சந்தோஷம். மூக்குத் துடைக்க மட்டும் வேற வச்சுக்கோ."

வீட்டுக்கு வந்ததும் பெரிய வாக்குவாதம். இப்படி அபசகுனமாகப் பேசுகிறவள் நம் கல்யாணத்துக்கு வேண்டவே வேண்டாம் என்று மருமகள் ஒற்றைக்காலில் நின்றாள். கைக்குட்டை விஷயம் தெரிந்திருந்தால் இரண்டு காலிலும் நின்றிருப்பாள். பேத்தி இவர்தான் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். நான் மூச்சு விடவில்லை. எனக்கும் ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்ளத் தெரியும், அது சுவாரசியமாக இருந்தால்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். ஒரு நாற்காலி விடாமல் உட்கார்ந்து எழுந்தார். உட்கார்ந்து, இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து, ஆடுகிற நாற்காலிகளைத் தனியே ஒதுக்கினார். தூக்கிப் போடத்தான் என்று நினைத்தேன். "அய்யோ, இல்லங்க பெரியம்மா. மைக்கப் புடிச்சா விடாதவங்க நாலு பேரு இருப்பாங்கள்ல, அவங்களுக்குப் போடுவேன். இருப்பு கொள்ளாது, சீக்கிரமா வீட்டுக்குக் கெளம்பிடுவாங்க." எனக்கு எந்த நாற்காலி என்று கேட்டேன். யோசித்துவிட்டு, நல்ல நாற்காலி ஒன்றைக் காட்டினார். பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம்.

மறுநாள் காலை. மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறைக்குள் சம்பந்தியம்மா பூரித்துப்போய் நுழைந்தார். "மாடி ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு, புதுக் கட்டிலும் வந்து எறங்கியாச்சு. இன்னிக்கு நேரா நம்ம வீட்டுக்குத்தாம்மா."

பேத்தி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். "அத்தை... அந்த வீடு?"

"அது பாட்டுக்குப் பூட்டிக் கெடக்கட்டும். அவன்கிட்ட நான் பேசிட்டேன். சரின்னுட்டான்."

கெட்ட மனசு இல்லை அந்த அம்மாளுக்கு. மகன்மேல் உயிர், அவ்வளவுதான். அவர் போனதும் பேத்தி போனை எடுத்து மாப்பிள்ளைக்கு ஏதோ அனுப்பினாள். பதில் வந்தது. வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "என்னடி சொல்றான்?" என்றேன். "அப்புறம் பேசிக்கலாமாம்" என்றாள். கைப்பையைத் திறந்து அந்த நீலக் கைக்குட்டையை எடுத்து உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டாள்.

அலங்காரக்காரி பூவைப் பார்த்தாள், மருமகள் நகையைப் பார்த்தாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களுக்கிடையில் நீலம் எட்டிப் பார்ப்பதும் மறைவதுமாக இருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் சின்ன மருமகன் நெஞ்சை நிமிர்த்தி, "பெரியவங்க வர்றாங்க, வழி விடுங்க, ஓவர்!" என்று காற்றோடு பேசிக்கொண்டிருந்தார். இசை எழுந்தது. என் மகன் மகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். நடு வழியிலேயே அவன் உதடு கோணிக்கொண்டு போவதைப் பார்த்தேன். இவனா! எத்தனையோ பேரைத் தேர்வில் தோற்கடித்து அழவைத்து அனுப்பிவிட்டு, மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடுகிறவனா! மேடைப் படிக்கு முன்னால் வந்ததும் உடைந்துவிட்டான். தேம்பித் தேம்பி அழுதான். தன் பையைத் துழாவினான்; ஒன்றும் இல்லை. மகளின் கையில் துணி தெரிந்தது. அவள் விரலைப் பிரித்து உருவி எடுத்தான்.

"டேய்!" என்றேன். இசையில் யாருக்குக் கேட்கும்? எழுந்திருக்கப் பார்த்தேன். அந்த நல்ல நாற்காலி என்னை விடவில்லை.

கண்ணைத் துடைத்தான். கன்னத்தைத் துடைத்தான். மூக்கையும் சிந்தினான், மிச்சம் வைக்காமல். பிறகு அலுவலகத்தில் கோப்பை நீட்டுவதுபோல, முகத்தைக்கூடப் பார்க்காமல், படியோரம் சுவர்போல் நின்றிருந்த சாம்பல் நிற அம்மாளிடம் அதை நீட்டினான்.

அவர் வாங்கிக்கொண்டார். மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

மறு மூச்சில் மேடை விளக்குகள் அணைந்தன. இசை அறுந்ததுபோல் நின்றது. பக்கத்துக் கதவுகள் இரண்டும் விரியத் திறந்துகொள்ள, சாப்பாட்டுக் கூடம் வெளிச்சமாகத் தெரிந்தது. "மின்சாரத்துல சின்னக் கோளாறு. விருந்தாளிங்க எல்லாரும் மொதல்ல சாப்பிட வரணும்னு கேட்டுக்கறோம்" என்று ஒரு பெண் குரல் தேனாகச் சொன்னது. கூட்டம் சந்தோஷமாக எழுந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இதுவும் ஒத்திகை பார்த்த வேலை என்று எனக்குப் புரிந்தது. படியருகில் என் பேத்தி நின்ற இடம் காலியாக இருந்தது.

"என்னம்மா, கரன்ட் போயிடுச்சா?" என்று மகன் ஈரக் கண்ணோடு என்னிடம் வந்தான்.

"கரன்ட் போகலடா. உன் மூக்கால கல்யாணமே நின்னுபோச்சு!"

வாயைப் பிளந்தபடி நின்றவனைத் தள்ளிவிட்டு, மேடைக்குப் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்றால், எனக்கு அது ஓட்டம். சிறிய அறை. ஒதுக்கிவைத்த ஆடும் நாற்காலிகள் அங்கேதான் இருந்தன. ஒன்றில் என் பேத்தி பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். பின்கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு வண்டி, இஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, பக்கக் கதவும் திறந்து தயாராக நின்றது. அவர் நடத்துகிற ஒவ்வொரு கல்யாணத்திலும் பின்வாசலில் அந்த வண்டி கடைசிவரை நிற்குமாம். அவரிடம் வேலை செய்யும் பெண்கள் பிற்பாடு சொன்னார்கள்.

"அம்மா, தாயே, இவ குடுக்கல! என் பையன் அழுதான், துடைச்சான், உங்க கையில திணிச்சான். அவ்வளவுதான்!" என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

கடிகாரம் கைக்குட்டையைப் பார்த்தார். அது எவ்வளவு ஈரம் என்று அப்போதுதான் உணர்ந்தார் போலும். அத்தனை நாளில் முதல் தடவையாக அவர் முகம் வெளுத்தது. "தப்பு என்னோடதுதாங்க" என்றார். பிறகு பேத்தியிடம் குனிந்து, "லைட்டப் போடச் சொல்லவாம்மா?" என்று கேட்டார்.

என் பேத்தி யார் பேத்தி! கண் இமைக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. விருட்டென்று எழுந்து, தலையை நிமிர்த்தி, "போடச் சொல்லுங்க மேடம், கல்யாணம் நடக்கட்டும்!" என்றாள். ராணி தோற்றாள் போங்கள்.

விளக்கு வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. அதற்குள் மாப்பிள்ளையை அந்த அறைக்குக் கூப்பிட்டார்கள், கோட்டில் பட்டன் ஒன்று தொங்குகிறது, தைக்கவேண்டும் என்று. காது மடல் சிவக்க வெளியே வந்தவன் நேராகத் தன் அம்மாவிடம் போய்க் காதில் ஏதோ சொன்னான். சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கிக் கலங்கியது; பிறகு தலை மெதுவாக ஆடிற்று, சரி என்பதுபோல. மேடை வெளிச்சமாயிற்று. "கரன்ட் வந்தாச்சு, ஓவர்!" என்று சின்ன மருமகன் வாசலிலிருந்து முழங்கினார், அது தன்னால்தான் வந்தது என்று இன்றைக்கும் நம்புகிறார். வயிறு நிறைந்த விருந்தாளிகள் மோதிரம் மாற்றுவதைப் பார்த்து மனதாரக் கைதட்டினார்கள். சாப்பாட்டை முதலில் வைத்தது நல்ல யோசனை என்று பலரும் என்னிடமே பாராட்டினார்கள். என் யோசனைதான் என்று சொல்லிக்கொண்டேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து, பேத்தியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆமாம், ஒரே ஒரு ஜன்னல் வைத்த அந்தக் கூடம்தான். ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாட்டி, கடைசில மட்டும் பொய் எழுதியிருக்கீங்க."

"எதுடி பொய்?"

"நீங்க அப்ப அந்த ரூம்லயே இல்ல. அப்பா அழுத கதைய நீங்க சொன்னதுமே மேடம் உங்கள வெளிய அனுப்பிக் கதவச் சாத்திட்டாங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. கதவில் காதை வைத்துப் பார்த்தேன். கெட்டியான கதவு.

"லைட்டப் போடச் சொல்லவான்னு கேட்டாங்க. அது வரைக்கும் உங்க ஊகம் சரி. நான் வேணாம்னு சொன்னேன்."

எழுதின தாள் என் மடியிலிருந்து நழுவிற்று. பட்டன் தைக்கவா அவனைக் கூப்பிட்டார்கள் என்று கேட்க வாயெடுத்தேன், அவளே சொன்னாள்.

"பட்டனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர வரச் சொன்னேன். உங்கம்மா வீட்டு மாடியா, இந்த வீடான்னு இப்பவே சொல்லுன்னேன். அவர் உடனே ஒண்ணும் சொல்லல பாட்டி."

"அவன் வேற மாதிரி சொல்லியிருந்தா?"

"வண்டி நின்னுச்சே."

வெளியே அவ்வளவு கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்பன் அழுதுகொண்டிருந்தான். உள்ளே இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டு என் பேத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள். "மேடம் என்னடி சொன்னாங்க? அவ்வளவு பேரும் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு பதறலையா?"

"ஒண்ணுமே சொல்லல" என்றாள் பேத்தி. "கையில இருந்த கடிகாரத்தக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டு, என் பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டாங்க."